சர்க்கரைக் காவடி

பிள்ளையார்பட்டி விலக்கில் சாமியானா போட்டிருந்தோம்.
தைப் பனியில் துணி நனைந்து தொங்கியது.
குன்றக்குடியிலிருந்து நடந்து வரும் கால்கள்
எங்கள் பிளாஸ்டிக் பேசின்களில் இறங்கும்.
கொப்புளம், கண்ணாடிச் சில்லு, வேலிக்காத்தான் முள்.
நசீமா மருந்து வைப்பாள்,
நான் பஞ்சு வெட்டித் தருவேன்.

பஞ்சு வெட்டத்தான் வந்தேன்.
அப்படிச் சொல்லித்தான் பெயர் கொடுத்தேன்.
ஆறு வருடம் நர்ஸாக இருந்தவள்
கத்தரிக்கோல் மட்டும் போதும் என்றபோது
டாக்டர் ஜெபராணி நிமிர்ந்து பார்த்தார்,
ஏன் என்று கேட்கவில்லை.

போன ஆனியில் ஓர் இரவு
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவரை
வாயு என்று எழுதி உட்கார வைத்தேன்.
விடிவதற்குள் அவர் மனைவி
அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வராந்தாவில் நடந்து போனாள்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பேனோ என்னவோ.
அதற்குப் பிறகு
பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன்.
முருகன் முன்னால் நின்றால்
அவனிடம் கேட்க ஒன்றுமில்லை,
அவன் கேட்டுவிடுவானோ என்ற பயம் மட்டும்.

பத்தரைக்கு மயங்கி விழுந்த ஒரு பையனோடு
டாக்டர் ஆம்புலன்ஸில் போய்விட்டார்.
நசீமா குளுக்கோஸ் கலக்கிக்கொண்டிருந்தாள்.
அப்போது வந்தார் வயிரவன்.
தோளில் சர்க்கரைக் காவடி,
இருபத்தோராவது வருடம்.
"ஒண்ணுமில்லம்மா, ஒரு துணி சுத்திவிடு போதும்."

வலது கால் பேசினுக்குள் இறங்கியது.
வாடை முதலில் வந்தது.
பெருவிரலுக்குக் கீழே
நாணயம் அளவு கருப்பு.
அதன் நடுவில் ஒரு லாட ஆணி,
எத்தனை நாளாகவோ.
"வலிக்கலையா?"
"வலியை அவன் எடுத்துக்கிட்டான்."

எடுத்துக்கொண்டது எது என்று எனக்குத் தெரியும்.
தோளில் இருப்பதன் பெயர்தான் அதற்கும்.
பஞ்சை முறுக்கி உள்ளங்காலைத் தொட்டேன்.
அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுபடி தொட்டேன்.
சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போன் எடுக்கவில்லை.
உள்ளே பழைய குரல் ஆரம்பித்தது:
நீ சொன்னால் தப்பாகும்.
சொல்லாவிட்டாலும் தப்பாகும்.
பஞ்சை வெட்டு.

கண்ணை மூடவில்லை.
கும்பிடக் கை காலியில்லை,
அதில் அவர் குதிகால் இருந்தது.
முருகா, நடுக்கத்தை நிறுத்து என்று கேட்க மாட்டேன்.
நான் செய்தது சரி என்று சொல்லவும் வேண்டாம்.
நடுங்குகிற இந்தக் கையை
இருக்கிறபடியே எடுத்துக்கொள்.
வேறு கை இங்கே இல்லை.

பதில் வரவில்லை.
யாரோ மறுமுனையைப் பிடித்ததுபோல்
பாரம் கொஞ்சம் குறைந்தது,
அவ்வளவுதான்.

"ஐயா, உங்க நடை இங்கேயே முடியுது."

கூட வந்தவர்கள் அரோகராவை நிறுத்தினார்கள்.
"நீ யாரு இதைச் சொல்ல?"
ஏழு மாதமாக நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.
வேறொரு வாயிலிருந்து வந்ததும்
பதில் எளிதாக இருந்தது.
"யாருமில்ல. உங்க காலைப் பார்த்தவ."

நெடுநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு காவடியை,
தூங்கும் பிள்ளையைக் கைமாற்றுவதுபோல்
மச்சினன் தோளுக்கு மாற்றினார்.
"பாதியில விட்டது நானில்லைன்னு சொல்லிடு."
மச்சினனிடம் சொன்னாரா, என்னிடமா?
காரில் ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கால் மிஞ்சியதா,
இன்று வரை தெரியாது.
வார்டு நம்பர் எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கிறது.

பேசினைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன்.
நசீமா கத்தரிக்கோலைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன்.
அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பெண், குதிகாலில் கொப்புளம்.
கை நடுங்கியதில்
தண்ணீரும் நடுங்கியது.
பஞ்சு பட்டதும்
கூச்சம் தாங்காமல்
காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு
சிரித்தாள்.